மூன்றாவது கிராஸ், ஏழாவது மனை

சாமராஜபேட்டை, பெங்களூர்
12-2-1973

அன்புத் தம்பி சித்துவுக்கு,

அக்கா சர்வமங்களா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் பாவாவுக்கு மூக்கடைப்பு மட்டும் சிவராத்திரி வரை போகாது, அது வருஷா வருஷம் வருகிற விருந்தாளி. நீயும் கிரிஜாவும் எப்படி இருக்கிறீர்கள்? அந்த பிலாய் புகையில் அவளுடைய இருமல் குறைந்ததா?

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உன் மனையில் மண்வெட்டிக்குக் குங்குமம் வைத்து, வீட்டு வேலை தொடங்குவதற்கான குத்தலி பூஜை முடித்துவிட்டோம். ஒன்பதரைக்குள் நல்ல நேரம். பஸ்ஸோ ஹொங்கேஹள்ளி ஊர் முனையில் எங்களை இறக்கிவிடும்போதே ஒன்பது தாண்டிவிட்டது. அங்கிருந்து பார்த்தால் லேஅவுட் என்று ஒன்றும் இல்லை, ராகி அறுத்த கட்டைதான். நடுவே செம்மண் கோடு கோடாக எட்டுக் குறுக்குத் தெருக்கள். ஒவ்வொரு மனைக்கும் எண் வெட்டிய கல் நட்டிருப்பதாகச் சொன்னாயே, ஒன்றையும் காணோம்.

"கல்லெல்லாம் எங்கப்பா?" என்று மேஸ்திரி யெல்லப்பாவைக் கேட்டேன்.

"நல்ல கருங்கல்லும்மா. ஊருக்குள்ள துணி துவைக்கப் போயிருக்கும்" என்கிறான் கூசாமல்.

பூஜை செய்ய வந்த ஜங்கம சுவாமி கடிகாரத்தைப் பார்க்கிறார், உன் பாவா என்னைப் பார்க்கிறார். நான் பஸ் நின்ற பக்கத்திலிருந்து விரலை மடக்கி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்றாவது கிராஸ். அதில் தெற்கிலிருந்து ஏழாவது மனை. அவ்வளவுதானே? தேங்காய் உடைத்தபோது மணி ஒன்பது இருபத்தைந்து. தேங்காயும் நன்றாக உடைந்தது.

மற்றவை அடுத்து எழுதுகிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

உன் அக்கா,
சர்வமங்களா


பிலாய்
2-3-1973

அக்காவுக்கும் பாவாவுக்கும் சரணு.

நாங்கள் நலம். கிரிஜாவின் இருமல் பரவாயில்லை. உன் கடிதத்தை அவளிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். யெல்லப்பா சொன்னதைக் கேட்டுச் சிரித்ததில் விட்ட இருமல் திரும்பி வந்துவிட்டது.

இங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள் ஊரில் கான்ட்ராக்டரிடம் விட்டு வீடு கட்டி, கதவு ஒரு பக்கம், நிலை ஒரு பக்கம் என்று அழுகிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை, எனக்கு அக்கா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். எட்டு வருஷமாக நானும் கிரிஜாவும் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது இந்த ஒரு வீட்டுக்குத்தான். இது சரியாக அமைந்தால் மாற்றல் கேட்டு ஊருக்கே வந்துவிடுவேன். பின்னால் இரண்டு அறை எங்களுக்கு. தெருப் பக்கத்துப் பெரிய அறை உங்களுக்கு. பதினோரு வாடகை வீடு பார்த்தாயே, போதும். மறுத்துப் பேசாதே.

வீட்டுமனைச் சங்கத்தார் கொடுத்த ஒதுக்கீட்டுக் கடிதம், லேஅவுட் வரைபடம் எல்லாம் என் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். தொலைந்துபோகும் என்ற பயமே வேண்டாம்.

பாவாவை வெயிலில் அலைய விடாதே. நீயும் குடை கொண்டு போ.

உன் தம்பி,
மருளசித்தப்பா


சாமராஜபேட்டை
6-5-1973

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயிலில் நான் யெல்லப்பாவைவிடக் கறுத்துப்போனேன். அடுத்த முறை என்னைப் பார்த்து மேஸ்திரி என்று கூப்பிடாமல் இருந்தால் சரி.

சுவர் ஜன்னல் உயரத்துக்கு மேலே போய்விட்டது. ஆனால் பெருமை அதுவல்ல. ஹொங்கேஹள்ளி லேஅவுட்டில் முதலில் பூஜை போட்டது நம் வீட்டுக்குத்தான்! மனை தேடி யார் வந்தாலும் நேரே என்னிடம்தான் வருகிறார்கள்.

"அம்மா, அஞ்சாவது கிராஸ் எதும்மா?"

"இது மூணாவது. இன்னும் ரெண்டு தள்ளிப் போங்க."

இப்படிச் சொல்லிச் சொல்லியே பதினோரு அஸ்திவாரம் எழும்பிவிட்டது. ஒரு டெலிபோன் ஆபீஸ்காரர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தம்பதி, பட்டுச் சேலை வியாபாரி ஒருவர். போன மாதம் கீரிப்பிள்ளை ஓடிய இடத்தில் இப்போது டீக்கடை. ஊர்ப் பெண்கள் காலையில் மோரும் மத்தியானம் அவித்த கடலையும் கொண்டுவந்து விற்கிறார்கள். அவர்கள் ராகி விளைத்த நிலம்தான். "ராகிக்கு மழை பார்க்கணும், உங்களுக்குத் தாகம் எடுத்தா போதும்" என்கிறாள் மோர்க்காரி.

ஒரே ஒருவர் மட்டும் வேறு தினுசு. ஸ்ரீபாத ராவ் என்று, சர்வே இலாகாவில் இருந்து ரிட்டையர் ஆனவர். எல்லோரும் பஸ் பக்கம் கட்டினால், அவர் சங்கிலி பிடித்து அளந்து, மேற்கே அந்தக் கோடியில் ராகிக் கட்டைக்கு நடுவே தன்னந்தனியாகச் சின்னதாக ஒரு வீட்டைச் சீக்கிரமே கட்டி, குடியும் வந்துவிட்டார். கூட மனைவி அம்பாபாயி. "ரெண்டாவது கிராஸ்னு சொல்லிட்டு எங்கேயோ போய்க் கட்டியிருக்காரே" என்று டீக்கடையில் சிரிப்பு. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

கிரிஜாவுக்கு மிளகும் ஓமமும் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா


(அக்கா எழுதி, தபாலில் போடாமல் ராகி டின்னுக்குள் வைத்தது)

17-6-1973

சித்து,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று அந்த ஸ்ரீபாத ராவ் குடையும் கையுமாக நம் வீட்டுக்கு வந்தார்.

"அம்மா, இது எந்த கிராஸ்?"

"மூணாவது."

"எந்தப் பக்கத்திலேர்ந்து?"

பஸ் நிற்கிற பக்கத்தைக் காட்டினேன். அவர் மணல் குவியல்மேல் வரைபடத்தை விரித்தார். நூறடி ரோடு மேற்கே வரப்போகிறதாம். சங்கத்தார் எண் போட்டதெல்லாம் அந்த ரோட்டிலிருந்து. ரோடு இன்னும் வரவில்லை, காகிதத்தில்தான் இருக்கிறது. நானோ பஸ்ஸிலிருந்து இறங்கிய பக்கமாக எண்ணிவிட்டேன். நம் வீடு நிற்பது ஆறாவது கிராஸ், யாரோ ஒருவருடைய மனை. உன் மனை அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. என்னைக் கேட்டுக் கட்டிய பதினோரு பேரும் இதே கதிதான்.

"இவ்வளவு செங்கல் வச்சாச்சே, ஐயா" என்றேன்.

"வரைபடத்துல இருக்கறதுதான்மா நிலம். மத்ததெல்லாம் வெறும் மண்ணு. நான் சங்கத்துக்கு எழுதிட்டேன்."

இனி பத்திரம் பதிய முடியாது, கரண்ட் கொடுக்க மாட்டார்கள், இடிக்கச் சொன்னாலும் சொல்வார்கள். எட்டு வருஷம் நீங்கள் கட்டிய வயிறு, சித்து. உனக்குச் சோறு ஊட்டிய இதே விரலால்தான் எண்ணினேன். என்ன முகத்தோடு


சாமராஜபேட்டை
17-6-1973

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். நாங்கள் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்துக்கு எழுது.

இங்கே மழை நன்றாகப் பெய்கிறது. வீட்டுக்குப் பின்னால் யெல்லப்பாவின் மனைவி சும்மா விதையைத் தூவினாள், கத்தரிக்காய் காய்த்துத் தள்ளுகிறது. பச்சைக் கத்தரிக்காய், முள்ளே இல்லை. எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து ஜோள ரொட்டியோடு சாப்பிட்டோம். மறுநாள் கொத்சு. அதற்கு மறுநாள் சுட்டுப் பச்சடி. உன் பாவாவுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, இருந்தும் விடவில்லை. கத்தரிக்காயில் இத்தனை வகை இருப்பது எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

சிமென்ட் கிடைக்கவில்லை, அதனால் வேலை கொஞ்சம் நின்றிருக்கிறது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்கா


பிலாய்
8-7-1973

அக்காவுக்குச் சரணு.

நலம். கத்தரிக்காய் விவரம் எல்லாம் தெரிந்துகொண்டேன். வீட்டைப் பற்றி வேறு ஏதாவது எனக்குச் சொல்ல வேண்டியது உண்டா?

சித்து


சாமராஜபேட்டை
29-7-1973

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். நீ இவ்வளவு சின்னக் கடிதம் எழுதியதே இல்லை. மழையில் வேலையா? காய்ச்சல் ஏதும் இல்லையே?

இங்கே பெரிய சேதி, பஸ்! ஊர் முனையில் நின்றுவிடாமல் இனி நம் லேஅவுட்டுக்கு உள்ளேயே வருகிறது. முதல் நாள் டிரைவருக்கு மாலை போட்டு, பஸ்ஸுக்கு ஆரத்தி எடுத்தோம். கண்டக்டர், "அம்மா, வண்டி சூடா இருக்கு, கற்பூரத்தைக் கொஞ்சம் தள்ளிக் காட்டுங்க" என்று கெஞ்சினார். மாவு மில் ஒன்றும் வந்துவிட்டது. ராகி அரைக்க இனி மார்க்கெட் வரை போக வேண்டியதில்லை.

சிமென்ட் இன்னும் வரவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

அக்கா


சாமராஜபேட்டை
10-9-1973

சித்து,

ஆசிகள். ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு கார்டு இல்லை. கணபதி பண்டிகைக்குக்கூட எழுதவில்லை. என்னால் இதற்கு மேல் முடியாது. சிமென்ட் தட்டுப்பாடு எல்லாம் பொய். ஜூன் மாதம் உனக்கு எழுதி அனுப்பாமல் ஒளித்துவைத்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ராகி மாவு ஒட்டியிருக்கும், தட்டிவிட்டுப் படி.

படித்தாயா? அதற்குப் பிறகு நடந்தது இதுதான். பன்னிரண்டு வீட்டுக்காரர்களையும் சங்கத்தார் கூப்பிட்டு, வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அக்டோபரில் பொதுக்கூட்டம், அதில்தான் முடிவு. பட்டு வியாபாரி என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. வாத்தியார் மனைவி மட்டும், "எண்ணினது நீங்க, நம்பினது நாங்க. பாதிப் பாவம் எங்களுக்கும் உண்டு" என்று சொல்லி காபி கொடுத்தாள். உன் பாவா, "நீ எண்ணறப்போ நானும்தானே பக்கத்துல நின்னேன்" என்று அவர் பங்குக்குப் பழியை எடுத்துக்கொள்கிறார்.

ஒரு வேடிக்கை. யார் எங்களை மாட்டிவிட்டாரோ அவருடைய மனைவி அம்பாபாயி தினமும் மத்தியானம் ராகிக் கொல்லையைத் தாண்டி நடந்து வந்து, நம் கூரையில்லாத வீட்டில் உட்கார்ந்து என்னோடு கடலை உரிக்கிறாள். கோபப்படலாம் என்றால் முடியவில்லை. பாவம், நல்லவள். பேசிக்கொண்டே இருக்கிறாள், கிளம்ப மனசே வருவதில்லை.

நீ என்னைத் திட்டு. தந்தியில் வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் அக்கா


பிலாய்
24-9-1973

அக்காவுக்குச் சரணு.

நானும் கிரிஜாவும் உடம்புக்கு நலம்.

எனக்கு ஜூலை ஐந்தாம் தேதியே எல்லாம் தெரியும். மனை என் பெயரில்தானே இருக்கிறது, சங்கத்தின் நோட்டீஸ் எனக்குத்தான் முதலில் வந்தது. மறுநாள் உன் கடிதம். அவசரமாகப் பிரித்தால் இரண்டு பக்கம் கத்தரிக்காய்! கேள்வி கேட்டு எழுதினேன். பஸ்ஸுக்கு ஆரத்தி எடுத்த கதை வந்தது. அதோடு பேனாவை மூடிவிட்டேன்.

வீட்டுக்காகக் கோபம் என்று நினைத்தாயா? முதல் இரண்டு நாள் ஆமாம், அதை மறைக்கவில்லை. கிரிஜா அழுதாள், நான் சாப்பிடவில்லை. பிறகு ஆறிப்போயிற்று. ஆறாதது வேறு ஒன்று. பரீட்சையில் தோற்றதை அப்பாவிடம் சொல்லப் பயந்து நான் உன்னிடம்தான் சொன்னேன். சைக்கிளைத் தொலைத்ததையும் உன்னிடம்தான். இப்போது நீ என்னிடம் சொல்லப் பயப்படுகிறாய் என்றால், நான் அவ்வளவு பெரிய மனுஷனாகிவிட்டேனா, அக்கா? ஆறு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வரைபடம் இருந்தது, அந்துருண்டை வாசனையோடு, மடிப்புக் கலையாமல். எண் எந்தப் பக்கத்திலிருந்து என்று அம்புக்குறியே போட்டிருக்கிறது. தொலைந்துபோகும் என்று ஆயிரம் மைல் தள்ளி நான் பூட்டிவைத்தேன். நீ விரலால் எண்ணாமல் வேறு என்ன செய்வாய்? கிரிஜா என்னை இரண்டு நாளாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "டிரங்குப் பெட்டி" என்றுதான் கூப்பிடுகிறாள்.

கூட்டத்துக்குப் போ. தலை குனிந்து உட்காராதே. இடிக்கச் சொன்னால் இடிக்கட்டும், மறுபடி கட்டுவோம், அதற்கும் நீதான் மேஸ்திரி.

உன் சித்து


சாமராஜபேட்டை
29-10-1973

என் தங்கத் தம்பிக்கும் கிரிஜாவுக்கும்,

அக்காவின் ஆசிகள். தீபாவளி நன்றாக நடந்ததா? எனக்கு நேற்றுதான் தீபாவளி.

கூட்டம் சங்கத்து ஷெட்டில். ஸ்ரீபாத ராவ் கோட்டுப் போட்டு, சங்கிலியையும் வரைபடத்தையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு முதல் வரிசையில். செயலாளர் பேச ஆரம்பித்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"தப்பா எண்ணினது நான். இவங்க யாருமில்ல. ஆனா ஐயா, வர்ற வியாழக்கிழமை மைசூர் மாநிலத்தோட பேரையே கர்நாடகான்னு மாத்தப் போறாங்க. அதுக்காக யார் வீட்டையாவது இடிக்கிறாங்களா? அவ்வளவு பெரிய ராஜ்யத்துக்கே பேர் மாத்தலாம்னா, எட்டு கிராஸுக்கு எண் மாத்தக் கூடாதா? ஒண்ணை எட்டுன்னும் எட்டை ஒண்ணுன்னும் எழுதினா எல்லாரும் அவங்கவங்க மனையில இருப்பாங்க!"

ஷெட்டே கைதட்டியது. பட்டு வியாபாரிதான் முதலில் தட்டினார். செயலாளர், "எல்லா மனைக்காரங்களும் சம்மதிச்சா சட்டப்படி செய்யலாம். ஒருத்தர் மறுத்தாலும் முடியாது" என்றார். எல்லார் கண்ணும் ராவ் பக்கம் போயிற்று.

"நான் மறுக்கறேன்" என்றார் அவர். "முப்பத்தி நாலு வருஷம் சங்கிலி பிடிச்சிருக்கேன். ஒரு அடி தப்பினது கிடையாது. என் வீடு ரெண்டாவது கிராஸ்ல இருக்கு. அதை ஏழாவதுன்னு நானே எழுதிக்கணுமா? சரியா கட்டினது இந்த லேஅவுட்லயே நான் ஒருத்தன்தான்!"

அவர் சொன்னதில் என்ன தப்பு? அப்போது பின் வரிசையில் அம்பாபாயி எழுந்தாள். அவள் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"நீங்க சொல்றது சரிதான். நீங்க எப்பவும் சரிதான். ஆனா ஆறு மாசமா நம்ம வீட்டுக் கதவை யாராவது தட்டினாங்களா, சொல்லுங்க? ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேக்கக்கூட ஆள் வரல. இவங்க வீடு இடிஞ்சா நான் பேசறதுக்கு எங்க போவேன்? நீங்க சரியான இடத்துல இருங்க. நான் இந்தத் தப்பான இடத்துக்கு வந்துடறேன்."

சித்து, அந்த மனுஷர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. எனக்கே அழுகை வந்தது. மெதுவாக உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "யார்கிட்டயாவது ரப்பர் இருக்கா?" என்றார். வாத்தியார் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

எட்டு எண்களையும் அவரே அழித்தார், அவரே எழுதினார். தன் வீட்டுக்கு ஏழு போடும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. முடித்துவிட்டு நிமிர்ந்து, "எண்ணைத்தான் மாத்தியிருக்கேன். கோட்டைத் தொடல. கோடு எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். அதை யாரும் மறுக்கவில்லை. நான் போய் அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த தடவை எண்ணறதுக்கு முன்னாடி என்னைக் கேளும்மா" என்றார். சிரித்தாரா இல்லையா என்று உன் பாவாவும் நானும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஏகமனதாகத் தீர்மானம் ஆகிவிட்டது. புது எண்படி ராவ் வீட்டு மனை இன்னொருவர் பெயருக்குப் போகும், ஆனால் அதை ராவுக்கே விட்டு, பதிலுக்கு ராவ் பெயருக்கு வரும் மனையை எடுத்துக்கொள்ள அவரும் அங்கேயே எழுந்து சம்மதித்துவிட்டார். புது வரைபடத்தின்படிதான் இனி பத்திரம், கரண்ட் எல்லாம். அதோடு, பஸ் திரும்ப இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தது, அதனால் இனி ஏழாவது கிராஸ் வரை போய், ராவ் வீட்டு வாசலில் திரும்பும். நான்தான் கேட்டு வாங்கினேன். இன்று காலை பார்த்தால் அம்பாபாயி கண்டக்டருக்கும் டிரைவருக்கும் மோர் கொடுத்து ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருக்கிறாள். பஸ் பத்து நிமிஷம் லேட்.

கூரை அடுத்த வாரம் போடுகிறோம். பகல் முழுக்க நான் அங்கேதான் இருப்பேன். டிசம்பரில் கிருகப்பிரவேசம். ஹோளிகைக்கு, அதுதான் போளிக்கு, பருப்பு வாங்கியாயிற்று. லீவு போட்டாயா? எப்போது வருகிறீர்கள்?

உன் அக்கா,
சர்வமங்களா


பிலாய்
13-11-1973

அக்காவுக்கும் பாவாவுக்கும் சரணு.

நாங்கள் நலம். உன் கடிதத்தைத் தொழிற்சாலை கேன்டீனில் நாலு தடவை படித்துக் காட்டிவிட்டேன். கிரிஜா அம்பாபாயிக்கென்று ஒரு ஸ்வெட்டர் பின்னத் தொடங்கிவிட்டாள்.

லீவு கிடைத்துவிட்டது. டிக்கெட் மட்டும் எடுக்கவில்லை. ஏன் என்கிறாயா? இந்தக் கடிதத்தின் உறையைப் பார். சாமராஜபேட்டை விலாசம் போடவில்லை. உன் பெயர், அதற்குக் கீழே "மூன்றாவது கிராஸ், ஏழாவது மனை, ஹொங்கேஹள்ளி லேஅவுட், பெங்களூர்". அவ்வளவுதான். நீ எண்ணினதை நம்பிக் கட்டியாயிற்று, ராவ் எழுதினதையும் நம்புகிறேன். ஆனால் சர்க்கார் தபால்காரர் இதைக் கொண்டுவந்து உன் கையில் கொடுக்கட்டும். அதுவரை நான் இந்த ஊரைவிட்டு நகர மாட்டேன்.

சித்து


(போஸ்ட் கார்டு)

மூன்றாவது கிராஸ், ஏழாவது மனை
ஹொங்கேஹள்ளி லேஅவுட், பெங்களூர்
20-11-1973

சித்துவுக்கு ஆசிகள். எல்லோரும் சுகம். கடிதம் இன்று காலை பதினொரு மணிக்கு வந்தது. நான் கூரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தபால்காரர் புது ஆள், யாரையும் வழி கேட்கவில்லை. டிக்கெட் எடு.

அக்கா